டைம்கீப்பர் மேல் எட்டுப் புகார்

புதன்கிழமை, காலை 11.20

அன்பும் அதைவிட அதிகப் பொறுமையும் உள்ள மைத்துனருக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்காள் மிகவும் சௌக்கியம். என்னைக் கேட்டால், உடம்பு சௌக்கியம், மானம்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. போன வாரம் நீ போனில் விசாரித்தபோது "எல்லாம் நல்லபடியாப் போகுது மச்சான்" என்று நான் சொன்னது முழுப் பொய். பக்கத்தில் உன் அக்காள் நின்றுகொண்டிருந்தாள். அதனால்தான் கடிதமாக எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். பஸ் டிப்போவிலும் முக்கியமான விஷயம் என்றால் நான் வாயால் சொல்ல மாட்டேன், எழுத்தில்தான் கொடுப்பேன். முப்பத்து நாலு வருடம் டைம்கீப்பராக இருந்தவனுக்கு, எழுத்தில் இல்லாத எதுவும் நடந்ததாகவே அர்த்தமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்றபோது நீ ஆசையாக எங்கள் இருவர் பேரிலும் ஜிம்மில் சேர்த்துவிட்டாயே, அந்த ஜிம்மிலிருந்து என்னை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் நான் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டுமாம். மன்னிப்பு! நான்! அறுபத்தெட்டு வண்டிகள் என் ஒரு விசிலுக்குக் கிளம்பின மச்சான். அந்த விசிலை ஊதின வாயால் மன்னிப்பு! அந்த ஜிம் முதலாளி உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நீ அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை. அது தம்பதி அட்டை. என்னை நீக்கினால் உன் அக்காளும் போக முடியாது. அவள் அங்கே போக ஆரம்பித்த பிறகு எப்படி மாறியிருக்கிறாள் தெரியுமா? முதல் நாள் வெறும் கம்பியைத் தூக்கவே தடுமாறினவள், இப்போது நாற்பது கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்கிறாள். வீட்டில் காஸ் சிலிண்டரை நகர்த்த என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் மண் விழலாமா? அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

நடந்தது என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல். கட்டில், பீரோ விற்கிற கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஜிம். மூன்று பக்கமும் கண்ணாடி, தரை முழுக்கக் கறுப்பு ரப்பர், சன்னலைப் பார்த்து ஆறு டிரெட்மில், கதவுக்கு மேலே ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரம் நாலு நிமிடம் பின்னால் ஓடியது. நாலு நிமிடம் என்பது எங்கள் டிப்போவில் விசாரணைக்குப் போகிற விஷயம். உடனே மேனேஜரிடம் சொன்னேன். மேனேஜர் என்பது இருபத்தெட்டு வயதுப் பெண், எப்போதும் சிரித்த முகம், அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் ஏமாந்தேன். "பரவாயில்ல அங்கிள், அதை இங்க யாரும் பார்க்கறதில்ல" என்றாள். யாரும் பார்க்காத கடிகாரத்தை எதற்குச் சுவரில் மாட்டி வைக்க வேண்டும்? மறுநாள் நானே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறிச் சரிசெய்தேன். பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். புகார்ப் பட்டியலில் முதல் புகாரே அதுதான். "மற்றவர்கள் படுத்துப் பயிற்சி செய்யும் பெஞ்சில் ஷூக்காலோடு ஏறி நின்றார்" என்று எழுதியிருக்கிறார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறியிருந்தால் சாக்ஸ் நாறியது என்று எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் ஒரு தாடிக்காரன் விவகாரம். என் முட்டிக்கு டாக்டர் சொன்னது ஒரே ஒரு மெஷின், உட்கார்ந்துகொண்டு காலை நீட்டி மடக்குகிற மெஷின். அது அங்கே ஒன்றுதான் இருக்கிறது. காலை 6.10க்கு நான் அதன் பக்கத்தில் இருப்பேன். 6.10க்கு அந்தத் தாடிக்காரன் அதன் மேல் இருப்பான். பத்துத் தடவை காலை ஆட்டுவான், அதற்கு ஒரு 'செட்' என்று பேராம், பிறகு போனை எடுப்பான், போனைப் பார்த்துச் சிரிப்பான், பக்கத்தில் ஒரு மனிதன் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே என்கிற எண்ணம் துளியும் கிடையாது, மறுபடி பத்துத் தடவை ஆட்டுவான், மறுபடி போன். வாட்சைப் பார்த்தேன். பதினொரு நிமிடம். நான் சண்டைக்கா போனேன்? தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டு, "தம்பி, புறப்பாடு நேரம் தாண்டிப் பதினொரு நிமிஷம் ஆச்சு" என்று அறிவித்தேன். அவன் காதிலிருந்ததை எடுத்துவிட்டு, "இன்னும் ரெண்டு செட் இருக்கு சார், வேணும்னா மாத்தி மாத்திப் பண்ணலாமா?" என்றான். மாத்தி மாத்தியா? ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவரா? நான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. மேனேஜர் ஓடிவந்து, "அங்கிள், 'இன்னும் எத்தனை செட் இருக்கு'ன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். இங்க அதுதான் வழக்கம்" என்றாள். நான் போய் ஒரு பொடியனிடம் கேட்டுக்கொண்டு நிற்பதா? டைம்கீப்பர் யாரிடமும் நேரம் கேட்க மாட்டான், சொல்லுவான்.

ஆனாலும் அவர்கள் நன்மையை உத்தேசித்து, அடுத்த வாரமே ஒரு நோட்டுப் போட்டேன். எந்த மெஷினில் யார், எப்போது ஏறினார், எப்போது இறங்கினார், நடுவில் எத்தனை நிமிடம் போன் பார்த்தார் என்று பத்தி பிரித்து எழுதினேன். பேர் தெரியாதவர்களுக்குச் சட்டை நிறம் குறித்துக்கொண்டேன். மூன்று வாரப் புள்ளிவிவரத்தை வைத்து ஒரு கால அட்டவணை தயார்செய்து, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒட்டினேன். மெஷினுக்கு எட்டு நிமிடம், இறங்கி ஏற அரை நிமிடம், தாமதமானால் காரணம் எழுதக் கடைசியில் ஒரு கட்டம். இப்படி ஒரு அட்டவணை போட டிப்போவில் ஒரு பிரிவே வேலை செய்யும். நான் ஒற்றை ஆளாக, இலவசமாக, முட்டி வலியோடு செய்தேன். ஒரு ஜீவன்கூடப் பின்பற்றவில்லை. "காரணம்" என்கிற கட்டத்தில் யாரோ "மனசு சரியில்லை" என்று எழுதி வைத்திருந்தார்கள்.

சரி, அறிவித்தும் பயனில்லை, எழுதியும் பயனில்லை, இடம் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று முடிவுசெய்து, உலகறிந்த முறையில் பிடித்தேன். துண்டு போட்டேன். பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த சீட்டில் மந்திரியே வந்தாலும் உட்காரத் தயங்குவார். அந்த நம்பிக்கையில் கால் மெஷினில் ஒன்று, தோள் மெஷினில் ஒன்று, சன்னலோர டிரெட்மில்லில் ஒன்று என மூன்று துண்டு போட்டுவிட்டு, நிம்மதியாக நாலாவது மெஷினில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் வங்கியில் வேலை செய்கிற ஒரு அம்மாள் என் துண்டை எடுத்து, தன் வியர்வை வடிந்த சீட்டை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறாள்! உன் அக்காள் புதிதாக வாங்கிக் கொடுத்த வெள்ளைத் துண்டு! "அம்மா, அது என்னோடது" என்றேன். "ஓ, துடைக்கறதுக்காக ஜிம்ல வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். வேலை முடிஞ்சா துடைச்சுட்டுத்தானே சார் போகணும்? நீங்க ஒரு நாள்கூடத் துடைச்சு நான் பார்த்ததில்லையே?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். என் துண்டால் அவள் சீட்டைத் துடைத்துவிட்டு எனக்கே சுத்தம் சொல்லித் தருகிறாள்! என் வியர்வை உழைத்த வியர்வை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நாகரிகம் கருதி விட்டுவிட்டேன்.

அதே நாகரிகத்தோடுதான் டம்பெல் விஷயத்திலும் இறங்கினேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காத ஜனங்கள். மூன்று கிலோ வாசலில் கிடக்கும், பத்துக் கிலோ கண்ணாடி ஓரத்தில் கிடக்கும், கால் தடுக்கி விழுந்தால் கேட்க ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இடுப்பு ஒடிய அத்தனையையும் பொறுக்கி அடுக்கினேன். எப்படி அடுக்கினேன் என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. டிப்போவில் வண்டியைப் பெரிசு சின்னது பார்த்தா நிறுத்துவோம்? காலையில் எது முதலில் கிளம்புமோ அதுதான் முன்னால். அதேபோல, என் நோட்டில் உள்ளபடி முதலில் வருகிறவர் எடுப்பது முன்வரிசை, கடைசியாக வருகிறவர் எடுப்பது பின்வரிசை. அருமையான ஏற்பாடு. என்ன செய்வது, திங்கட்கிழமை பார்த்து எல்லாரும் வரிசை மாறி வந்தார்கள். அதே வங்கி அம்மாள் ஒரு கையில் நாலு கிலோவும் மறு கையில் ஏழரைக் கிலோவும் எடுத்துக்கொண்டு, இரண்டும் ஒன்று என்கிற நினைப்பில் தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய்க் கண்ணாடியில் முட்டினாள். தூக்குமுன் அதன் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாமா? எந்த பஸ் என்று போர்டு பார்க்காமல் ஏறினால் கண்டக்டரா பொறுப்பு?

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அங்கே வருகிற மருந்துக் கடைக்காரர் ஒருவர் விஷயத்தில் என்மேல் பழி போட்டார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் பெஞ்சில் மல்லாந்து படுத்து, இரண்டு பக்கமும் இரும்புத் தட்டு மாட்டிய கம்பியை மார்புக்கு மேலே ஏற்றி இறக்குகிறவர். ஏற்றும்போது ஒரு சத்தம் போடுவார் பார், கீழே கடையில் பீரோ வாங்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அன்றைக்கு அந்தச் சத்தம் வழக்கத்தைவிட நீளமாக வந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி, நான் என்ன நினைப்பேன்? ஆள் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். ஒரே பாய்ச்சலில் போய்க் கம்பியின் என் பக்கத்து முனையைப் பிடித்து மேலே தூக்கினேன். என் பக்கம் மேலே போனதும் அந்தப் பக்கத்துத் தட்டுகள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன. அந்தப் பக்கம் கனம் போனதும் என் பக்கம் என்னையும் சேர்த்துக் கீழே இழுத்தது, இந்தப் பக்கத்துத் தட்டுகளும் விழுந்தன, நான் அவர் வயிற்றின் மேல் விழுந்தேன். கீழ்க்கடை முதலாளி கூரை இடிந்துவிட்டது என்று படியேறி ஓடிவந்துவிட்டார். மருந்துக் கடைக்காரர் எழுந்து, "யோவ், அதுதான் என் கடைசித் தடவைய்யா! ஆறு மாசமா இந்த வெயிட்டுக்காக உழைச்சேன், இன்னும் ஒரு இஞ்ச் இருந்துது!" என்று அழாத குறையாகக் கத்தினார். உயிரைக் காப்பாற்றியவனைப் பார்த்து "யோவ்"! தட்டு நழுவாமல் இருக்க முனையில் கிளிப் போட வேண்டும், போடவில்லை. அது யார் தப்பு? கேட்காமல் யாரையும் தொடக்கூடாது என்று இப்போது எனக்கு விதி காட்டுகிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நான் மனசார மெச்ச வேண்டும். அது உன் அக்காள் நடந்துகொள்கிற விதம். வீட்டிலிருந்து சேர்ந்துதான் கிளம்புவோம், படியேறும்போதே அவள் பத்துப் படி முன்னால் போய்விடுவாள். உள்ளே போனதும் கோடி மூலைக்குப் போய் இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்வாள். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். என் கவனம் சிதறக்கூடாது என்கிற நல்லெண்ணம். அந்த மூலையிலும் நான் அவளைக் கைவிடவில்லை. தூக்கி வைத்துவிட்டு அவள் மூச்சு வாங்குகிற நேரத்தை இங்கிருந்தே குறித்து, "ரெண்டு நிமிஷம் ஆச்சு, எடு!" என்று குரல் கொடுப்பேன். ஜிம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அவள் மட்டும் பார்க்க மாட்டாள், அவ்வளவு ஈடுபாடு. தாடிக்காரன் முதல் மருந்துக் கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவள் "அக்கா". அந்த மரியாதையில் பாதியாவது அக்காள் புருஷனுக்கு வந்து சேர வேண்டாமா?

நேற்றுக் காலை மேனேஜர் என்னைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, அதே சிரிப்போடு ஒரு தாளை எடுத்துப் படித்தாள். எட்டுப் புகார். ஒன்பது பேர் கையெழுத்து. யார் யார் என்று பார்க்க எட்டினேன், அந்தப் பகுதியை மட்டும் மடித்துப் பிடித்துக்கொண்டாள். கடிகாரம், நோட்டு, துண்டு, டம்பெல், மருந்துக் கடைக்காரர், டிரெட்மில்லில் நடந்துகொண்டே பழைய கண்டக்டரோடு போனில் சத்தமாகப் பேசியது, ஒரு பெண் தன்னைத் தானே வீடியோ எடுத்தபோது நான் பின்னால் நின்று கையசைத்தது என எல்லாம் வந்துவிட்டது. எட்டாவதைக் கேள்: "இவர் அறிவுரை சொல்லுமுன் மூன்று முறை தொண்டையைச் செருமுவார். மூன்றாவது செருமலுக்குள் தடுக்காவிட்டால் பிறகு யாராலும் தடுக்க முடியாது." இதை எழுதின கை யாருடையது? என் தொண்டையை இத்தனை நுணுக்கமாகக் கவனிக்கிற அளவுக்கு அங்கே எனக்கு ஒரு எதிரி இருக்கிறான் மச்சான். எனக்கு வங்கி அம்மாள் மேல்தான் சந்தேகம். அவர்களுக்குத்தான் எண்ணிப் பழக்கம்.

"நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். என் மைத்துனர் யார் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இனி என் மானம் உன் கையில். முதலாளியிடம் வியாழன் இரவுக்குள் பேசிவிடு. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரின் பெயரையும் தவறாமல் வாங்கிவிடு, முக்கியமாக முதல் கையெழுத்து.

உன் வீட்டில் அனைவருக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். பெரியவன் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கட்டும், சின்னவளுக்குப் பல் சீக்கிரம் முளைக்கட்டும், உனக்கு வேலையில் உயர்வு வரட்டும். எல்லாம் அதது அதனதன் நேரத்தில் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்,
டைம்கீப்பர் (ஓய்வு)

பி.கு. வியாழக்கிழமை. மேலே எழுதியது எதையும் செய்யாதே. முதலாளியிடம் பேசாதே. இதுவரை படித்ததுமே அவருக்குப் போன் செய்திருந்தால் வேறு ஏதாவது பேசு.

மடித்துக் கொடுத்தால் பிரித்துப் படிக்க மாட்டாள் என்று நம்பி, நேற்று இதை உன் விலாசத்தை எழுதித் தரச் சொல்லி உன் அக்காளிடம் கொடுத்தேன். அவள் விலாசம் எழுதாமல் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். கடைசி வரி வரை படித்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன், படவில்லை. "முதல் கையெழுத்து என்னோடது" என்றாள். "நீயா? உன்னையும் சேர்த்து வெளியே அனுப்பிடுவாங்களேடி! தம்பதி அட்டையாச்சே!" என்றேன். அதைப் போன மாதமே தனித்தனி அட்டையாகப் பிரித்து வாங்கிவிட்டாளாம். எட்டுப் புகாரையும் சொல்லச் சொல்ல எழுதியது தாடிக்காரனாம். சொன்னது இவளாம்.

"உங்களை வெளியே அனுப்பச் சொல்லல. வாயை மூடச் சொன்னேன்" என்றாள். பிறகு, "முப்பத்தாறு வருஷம். குளிக்கப் போனா கதவைத் தட்டி நேரம் சொன்னீங்க. அம்மா வீட்டுக்குப் போனா திரும்புற பஸ் நேரத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினீங்க. எனக்குன்னு கிடைச்சது அந்த ஒரு மூலை, ஒரு மணி நேரம். அங்கயாவது யாரும் எனக்கு மணி பார்க்காம இருக்கட்டும்னு நினைச்சேன்" என்றாள். நான் பதில் சொல்லத் தொண்டையைச் செருமினேன். ஒருமுறைதான். நிறுத்திக்கொண்டேன். மச்சான், அவள் அம்மா வீட்டுக்குப் போனபோதெல்லாம் நான் பஸ் நேரம் எழுதிக் கொடுத்தது, அவள் சீக்கிரம் திரும்பி வர வேண்டும் என்பதற்காக. அதை ஒருநாளும் நான் வாயால் சொன்னதில்லை. நேற்றும் சொல்ல வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மன்னிப்பை எழுதி இன்று காலையே மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டே வரி. வாட்சைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். கால் மெஷினில் உன் அக்காள் உட்கார்ந்திருந்தாள். வேறு இடமா இல்லை, வேண்டுமென்றேதான் உட்கார்ந்திருந்தாள். சுற்றி இருந்த அத்தனை பேரும் எதையோ தூக்குகிற பாவனையில் என்னையே பார்த்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்று, "இன்னும் எத்தனை செட் இருக்கு?" என்று கேட்டேன். என் ஆயுசில் நான் யாரையும் கேட்ட முதல் நேரக் கேள்வி அதுதான். "மூணு" என்றாள். மூன்றும் முடிகிறவரை பக்கத்துப் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

முடித்ததும் எழுந்து, என் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவி, சீட்டை நன்றாகத் துடைத்தாள். "ம், உட்காருங்க. அவசரமில்ல" என்றாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் ஏன் அனுப்புகிறேன் என்று கேட்பாய். டிப்போவில் ரத்தான டிரிப்பையும் ரத்து என்று எழுதித்தான் வைப்போம். விலாசம் உன் அக்காள் கையெழுத்து.